நடுவுல வந்தது

ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. என் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதில்லை, வீட்டிலேயே என்னிடம் படிக்கிறார்கள். நடுவுள்ள மகளுக்கு எட்டு வயது. அவளுக்குச் சொல்வதை எழுதுதல் நடந்துகொண்டிருந்தது. நான் அடுப்பாங்கரை நிலையில் சாய்ந்துகொண்டு தாமிரபரணியைப் பற்றி ஒரு பத்தி சொல்லச் சொல்ல, அவள் பாயில் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டே வந்தாள். முடிந்ததும் நோட்டை வாங்கிப் பார்த்தேன். எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தி, அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்.

"தாமிரபரணி பொதிகை மலையில் உற்பத்தியாகிறது. ஏலே அதத் தொடாத சுடும். அது பாபநாசத்தில் சமவெளிக்கு வருகிறது. வாங்க மைனி உறைமோர்தான இரிங்க தாரேன். அதன் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. பால் பொங்குது பால் பொங்குது. அது புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது."

ஒன்றையும் விடவில்லை. நான் இரண்டு தடவை கத்தியது இரண்டு தடவையாகவே இருந்தது.

மூத்தவன் எட்டிப் பார்த்து வாசித்துவிட்டுப் பாயில் விழுந்து உருண்டான். அவளுக்கு உதடு பிதுங்கிவிட்டது. "நீதானம்மா சொன்ன? சொல்றத எழுதுன்னுதான சொன்ன?" என்றாள். அவள் பக்கம்தான் நியாயம். நோட்டை மடியில் வைத்துப் பிழை பார்த்தேன். உற்பத்தியில் ஒற்று விட்டுப்போயிருந்தது. புன்னைக்காயல், புன்னகாயல் ஆகியிருந்தது. ஆனால் உறைமோரிலும் பாலிலும் ஒரு பிழை கிடையாது. 'பொங்குது'வில் ங் அழகாக விழுந்திருந்தது. அந்த எழுத்துக்காக மூன்று மாதமாக அவளிடம் மன்றாடிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்தோம். நடுவில் வந்த வரிகளை இடது பக்கம் எழுதி, அதையே எழுத்துத் தமிழில் வலது பக்கம் எழுதச் சொன்னேன். தாரேன், தருகிறேன். பொங்குது, பொங்குகிறது. மைனி, அண்ணி. "உறைமோருக்கு எழுத்துத் தமிழ்ல என்னம்மா?" என்று கேட்டாள். அது இரண்டு பக்கமும் உறைமோர்தான் என்றதும் அவளுக்கு ஏக சந்தோஷம். அதற்குப் பிறகு ஆச்சி பேசுவதை எல்லாம் இடது பக்கத்தில் பிடித்து வைக்க ஆரம்பித்தாள். 'வாராவ', 'போறாவ', 'கொள்ளப் பேரு', 'வெரசா'. அந்த நோட்டு இப்போது பாதி நிறைந்துவிட்டது. ஒரு இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் நடத்தியிருந்தால் இவ்வளவு வந்திருக்காது.

எங்கள் வீடு அம்பாசமுத்திரத்துக்கும் பாபநாசத்துக்கும் இடையில் ஒரு தெருவில் இருக்கிறது. மொட்டை மாடியில் நின்றால் பொதிகை மலை தெரியும். மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்குப் பதினொன்று, நடுவுள்ளவளுக்கு எட்டு, சின்னவனுக்கு மூன்று. வீட்டுக்காரங்க அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறாங்க. அத்தை, அதாவது பிள்ளைகளின் ஆச்சி, எங்களோடுதான் இருக்காங்க. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினபோது மூத்தவன் ஒன்றாம் வகுப்புக்குப் போகக் காத்திருந்தான். அப்போது அவனுக்குப் பேச்சில் திக்கல் இருந்தது. ஒன்றரை வருஷத்துக்கு மேல் வீட்டிலேயே எங்களோடு வாசித்து, பேசி, ஆச்சிக்குக் கதை சொல்லி, அந்தத் திக்கல் மெல்ல மெல்லக் கரைந்தது. 2021 நவம்பர் 1ஆம் தேதி சின்ன வகுப்புகளைத் திறந்தார்கள். இன்னும் ஒரு வருஷம் வீட்டில் இருக்கட்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்தோம். அந்த ஒரு வருஷம் நீண்டுகொண்டே வந்துவிட்டது. தங்கச்சியும் அவனோடு சேர்ந்துகொண்டாள்.

வீட்டில் பாடம் நடத்த ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பாடத்திட்டம் என்ன என்பதுதான். பாடத்திட்டம் பெரிய காரியமே இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கடையில் கிடைக்கின்றன, இணையத்தில் இலவசமாகவும் இருக்கின்றன. என்னைத் திணறடித்தது ஒரே ஒரு வாக்கியம். "நீ வீட்லதான இருக்க."

இதைச் சொல்லாத ஆளே கிடையாது. சிலிண்டர் வரும், நீ வீட்லதான இருக்க, வாங்கி வச்சிரு. மாவு மில்லுக்குக் குடுத்துவிடுறேன், நீ வீட்லதான இருக்க. பக்கத்து வீட்டில் பூட்டிவிட்டு நெல்லைக்குப் போகிறார்கள், சாவி இங்கே. மாடியில் காயும் வடகத்துக்குக் காக்கா வராமல் பார்க்கணும், அதுவும் இங்கே. கேட்கிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள். என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் ஆட்டோ பிடித்துத் தருகிறவர்கள். அவர்களிடம் எப்படி முடியாது என்பது?

ஆரம்பத்தில் நான் பள்ளிக்கூடம் மாதிரியே கால அட்டவணை போட்டேன். ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை, பாடத்துக்கு நாற்பது நிமிஷம். மூன்றாம் நாளே அது நிற்கவில்லை. ஒன்பது ஐந்துக்குக் கீரைக்கார ஆச்சி. ஒன்பதே காலுக்கு என் தங்கச்சி போன். ஒன்பது இருபதுக்குத் தெருவே கத்தும், "தண்ணி வந்துட்டு!" அதற்குள் சின்னவன் கரும்பலகைக்கு அடியில் சாக்குக்கட்டியைக் கடித்துக்கொண்டிருப்பான். நான் நாள் முழுக்கப் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன். வந்து போனவர்கள் மேல் இருந்த கோபம் எல்லாம் அவர்கள் மேல் இறங்கியது. ஒரு நாள் மூத்தவன் வாசிக்கும்போது பழையபடி லேசாகத் திக்கினான். அன்றைக்கு அட்டவணையைக் கிழித்தேன்.

என்ன செய்யலாம் என்று யோசித்தபோது, முதலில் எண்ணிப் பார்ப்போம் என்று தோன்றியது. ஒரு டப்பா நிறையப் புளியமுத்து எடுத்துக்கொண்டேன். அடுப்பாங்கரைத் திண்டில் ஐந்து தேங்காய்ச் சிரட்டைகளை வரிசையாக வைத்தேன். "அம்மா" என்று யார் கூப்பிட்டாலும் ஒரு முத்து. காலையிலிருந்து மத்தியானச் சாப்பாடு வரை அறுபத்தொரு முத்து சேர்ந்தது. இதில் எதையாவது எங்கே என்று கேட்டது இருபத்திரண்டு. ஒருத்தர் மேல் ஒருத்தர் புகார் பதினான்கு. "இங்க பாரேன்" பதினொன்று. பசி, தண்ணீர், பாத்ரூம் எட்டு. பாடத்தில் உண்மையான சந்தேகம் ஆறு.

அந்த ஆறைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. மற்ற ஐம்பத்தைந்துக்கும் ஓடியதில் இந்த ஆறுக்கும் நான் பாதிப் பதில்தான் சொல்லியிருந்தேன்.

சிரட்டை சிரட்டையாகச் சரி செய்தோம். எங்கே என்ற சிரட்டைக்கு வீட்டுக்காரங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் ஆணி அடித்துத் துணிப்பைகள் மாட்டினாங்க. கத்தரிக்கோல் ஒன்று, அளவுகோல் ஒன்று, ரப்பர் ஒன்று என்று எல்லாவற்றுக்கும் ஒரு பை. தண்ணீருக்கு ஒரு சின்ன மண்பானையைத் தரையில் மணல் மேல் வைத்து, தம்ளரைக் கயிற்றில் கட்டிவிட்டோம். சின்னவன் முதல் நாள் பதினேழு தம்ளர் குடித்தான், இரண்டாம் நாள் பழகிவிட்டது. பத்து மணிக்கு அவர்களே எடுத்துத் தின்கிற மாதிரி பொரிகடலையோ நிலக்கடலையோ ஒரு கிண்ணத்தில் இருக்கும்.

புகார்ச் சிரட்டைக்குத்தான் நல்ல வழி அமைந்தது. சண்டை என்றால் இரண்டு பேரும் எழுதிக் கொண்டுவர வேண்டும் என்று சொன்னேன். எழுதிக் கொண்டுவந்தால் எந்த வேலை இருந்தாலும் உட்கார்ந்து விசாரிப்பேன், அது என் வாக்கு. பாதிச் சண்டை பென்சில் தேடுவதற்குள்ளேயே முடிந்துவிடும். மீதிப் பாதி எழுத்தாக வரும். மகள் கொடுத்த ஒரு புகாரைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். "அண்ணன் என் ரப்பரைக் கடித்தான். கேட்டால் இல்லை என்கிறான். ரப்பரில் இரண்டு பல் தடம் இருக்கிறது. எனக்கு முன் பல் இல்லை. சாட்சி ஆச்சி." அண்ணன் எழுதிக் கொடுத்த பதில் ஒரே வரி. "ஆச்சிக்குக் கண்ணாடி போடாமல் கண் தெரியாது." ஒரு வழக்குக்கு வேண்டிய எல்லாமே அதில் இருந்தது. விசாரணை முடிந்து ரப்பரை இரண்டாக வெட்டிக் கொடுத்தோம்.

ஒரு வாரம் கழித்து மறுபடி முத்துப் போட்டுப் பார்த்தேன். முப்பத்திநாலு. பாடச் சந்தேகம் மட்டும் ஆறிலிருந்து பன்னிரண்டு ஆகியிருந்தது. வீட்டில் பாடம் நடத்தும் யாருக்கும் நான் மனதாரச் சொல்லும் முதல் யோசனை இதுதான். ஒரே ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். எது உங்களைத் தின்கிறது என்பது நாம் நினைத்த இடத்தில் இருக்காது.

பிள்ளைகள் பக்கம் இப்படிச் சரியானது. வாசல் பக்கம் மீதி இருந்தது. நாலு மணி நேரத்தையும் காக்க முடியாது என்பது தெரிந்துவிட்டது. ஒரு மணி நேரத்தைக் காக்கலாம். ஒன்பதரை முதல் பத்தரை. அந்த நேரத்தில் புதிதாகச் சொல்லித்தர வேண்டியது மட்டும். பயிற்சி, வரைதல், வாசிப்பு, செய்முறை எல்லாம் மற்ற நேரத்துக்கு, யார் வந்தாலும் போனாலும் அது பாட்டுக்கு நடக்கும். ஒரு சிலேட்டில் இப்படி எழுதி வாசல் கம்பியில் மாட்டினேன்: "9.30 – 10.30 பாடம். 10.30க்கு மேல் வாங்க, காப்பி குடிக்கலாம். தண்ணி வந்தா மட்டும் கூப்பிடுங்க."

மாட்டிவிட்டு, உறைமோர் கேட்டு வருகிற மைனி மனசு கஷ்டப்படுவாங்களோ என்று இரண்டு நாள் எனக்கு ஒரே தவிப்பு. நேரே போய்ச் சொல்லிவிட்டேன். அவங்க அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாங்க, "இத மொதல்லயே சொல்லக் கூடாதாட்டி? நீ பாடம் நடத்துதியா சும்மா சத்தம் போடுதியான்னு எனக்கு எப்படித் தெரியும்?" அதோடு முடிந்தது. எத்தனை மாதம் உள்ளுக்குள்ளேயே புழுங்கியிருந்தேன்! ஒரு சொல் போதுமாக இருந்திருக்கிறது. கேட்கிறவர்களுக்கு 'முடியாது' என்பதைவிட 'எப்போது முடியும்' என்பதைச் சொல்லிவிட்டால் யாரும் வருத்தப்படுவதில்லை. உறைமோர் இப்போது பத்தரைக்குப் போகிறது. மைனி பதிலுக்குப் பதினொரு மணிக்குச் சின்னவனைத் தூக்கிக்கொண்டு போய் அரை மணி நேரம் வைத்துக்கொள்கிறாங்க.

போனை அத்தையிடம் கொடுத்துவிட்டேன். யார் கூப்பிட்டாலும் "பாடம் நடக்கு, பத்தரைக்குப் பேசுங்க" என்று சொல்வாங்க. தெரிந்தவர்களுக்குத்தான் இந்தச் சுருக்கம். ஒரு நாள் கடன் வேண்டுமா என்று கேட்டு ஒரு பிள்ளை கூப்பிட்டிருக்கிறாள். அத்தை அவளிடம் எந்த ஊரு, சாப்பிட்டியா, சம்பளம் ஒழுங்காத் தாராவளா, கல்யாணம் ஆயிட்டா என்று இருபது நிமிஷம் விசாரித்திருக்காங்க. கடைசியில் அந்தப் பிள்ளையே "பாட்டி, நான் வைக்கிறேன், எனக்கு வேலை இருக்கு" என்று வைத்தாளாம். அத்தைக்கு இன்னும் அவள் நினைப்புத்தான். "பாவம், மதுரைப் பிள்ளை" என்பாங்க.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் யாரும் எதுவும் செய்ய முடியாது. எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். நேரம் சொல்ல முடியாது. அதனால் அதைப் பாடத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டோம். கொல்லையில் இருநூறு லிட்டர் டிரம் இருக்கிறது. எங்கள் குடம் பதினைந்து லிட்டர் பிடிக்கும். எத்தனை குடம் ஊற்றினால் நிறையும் என்று மூத்தவனிடம் கேட்டேன். வகுத்துப் பார்த்துப் பதிமூன்று, மீதி ஐந்து என்றான். ஊற்றினோம். பதிமூன்றும் ஊற்றியாயிற்று, பதினாலாவதும் ஊற்றியாயிற்று, டிரம் நிறையவில்லை. பதினைந்தாவது குடத்தில்தான் விளிம்புக்கு வந்தது. கணக்குத் தப்பு என்று அவனுக்கு அழுகை வந்துவிட்டது. தங்கச்சிதான் கண்டுபிடித்தாள். குழாயடியிலிருந்து டிரம் வரைக்கும் தரையில் ஈரக்கோடு. ஒரு குடத்துக்கு எவ்வளவு சிந்துகிறது என்று அடுத்த முறை கிண்ணம் வைத்து அளந்தார்கள். ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அதற்குப் பிறகு குடத்தை விளிம்பு வரை நிரப்பாமல் தூக்க அவர்களே பழகிக்கொண்டார்கள். மீதி என்றால் என்ன என்று அவனுக்கு இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குரங்குகளுக்கு சிலேட்டு வாசிக்கத் தெரியாது. பாபநாசம் பக்கம் இருக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. மலையடிவாரத்திலிருந்து கூட்டமாக வரும், ஓட்டின் மேல் தடதடவென்று ஓடும். ஒரு நாள் திண்ணையில் பாடம் நடக்கும்போது ஒரு பெரிய கடுவன் இறங்கி வந்து, மகளின் பென்சில் பையைத் தின்பண்டம் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு மதிலில் போய் உட்கார்ந்தது. ஜிப்பை என்னமாய்த் திறந்தது! ஒவ்வொரு பென்சிலாக எடுத்து, முகர்ந்து, கடித்து, எங்களைப் பார்த்துக் கீழே போட்டது. மூத்தவன் எண்ணிக்கொண்டே இருந்தான். எட்டு பென்சில், ஒரு கூராக்கி, ஒரு திருநீற்றுப் பொட்டலம். பொட்டலத்தைப் பிரித்ததும் அதற்குத் தும்மல் வந்து, பையை விட்டுவிட்டு ஓடிவிட்டது.

அன்று பாடம் மாறிவிட்டது. நம் ஊரில் திரிகிறது நாட்டுக் குரங்கு. மலைக்கு மேலே சோலைக் காட்டில் இருக்கிறது சிங்கவால் குரங்கு, அது மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. எங்கள் தலைக்கு மேலே இருக்கிற மலை 1988ல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பாபநாசத்துக்கு வருகிறவர்கள் குரங்குக்குப் பழமும் பிஸ்கெட்டும் போட்டுப் போட்டுத்தான் அது பையைக் கண்டால் பிடுங்கப் பழகியிருக்கிறது. இதைச் சொன்னதும் மகள் ஒரு அட்டையில் "குரங்குக்குத் தின்ன எதுவும் கொடுக்காதீர்கள். என் பென்சில் போய்விட்டது" என்று எழுதி மதிலில் ஒட்டினாள். தயவுசெய்து அந்த அட்டையை இங்கேயும் ஒட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இது நிஜமாகவே கவலை. அத்தையை ஒரு தடவை ஒரு குரங்கு பையோடு சேர்த்து இழுத்துத் தள்ளியிருக்கிறது.

ஆடி மாதம் வந்தால் கோயில் கொடை விழா. எங்கள் தெருமுனை அம்மன் கோயிலில் விடியற்காலையிலேயே ஒலிபெருக்கி ஆரம்பித்துவிடும். என் குரல் எனக்கே கேட்காது. முதல் இரண்டு வருஷம் அந்த வாரத்தைப் பாழ்போன வாரம் என்றே எழுதி வைத்திருந்தேன். மூன்றாம் வருஷம் வில்லுப்பாட்டு வைத்தார்கள். பிள்ளைகள் ராத்திரி முழுக்க ஆச்சி மடியில் உட்கார்ந்து கேட்டார்கள். மறுநாள் காலையில் ஏழாம் வாய்ப்பாடு சொல்லும் நேரம். மூத்தவன் பித்தளைக் குடத்தைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்து, அதன் வாயில் பனையோலை விசிறியால் அடித்தான். மகள் துணி காயப்போடும் கம்பை வீசுகோலாக்கித் தட்டினாள். "ஏழெட்டு அம்பத்தாறு" என்று அவள் இழுத்தாள். மூன்று வயதுகூட ஆகாத சின்னவன், ராத்திரி பின்பாட்டுக்காரர் சொன்ன அதே தோரணையில், தலையை ஆட்டி, "ஆமா!" என்றான்.

ஏழாம் வாய்ப்பாடு அன்றோடு முடிந்தது. எட்டும் ஒன்பதும் அந்த வாரமே வந்தன. சின்னவனுக்குக் கணக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவன் 'ஆமா' போடாவிட்டால் இவர்களுக்கு அடுத்த வரி வராது. பாடத்தைக் கலைக்கிறவனாக இருந்தவனுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு எந்தப் பாடத்திலும் அவனுக்கென்று ஒன்று வைத்துவிடுகிறேன். சொல்வதை எழுதும்போது முற்றுப்புள்ளி வந்தால் மணி அடிப்பது அவன். படம் வரையும்போது தண்ணீர்க் கிண்ணத்தைக் காவல் காப்பது அவன். சின்னப் பிள்ளையை வேறு அறையில் விளையாட விட்டுவிட்டுப் பெரியவர்களுக்குப் பாடம் நடத்தலாம் என்று நான் இரண்டு வருஷம் முயன்றேன். ஒரு நாள்கூட நடக்கவில்லை. வேலை கொடுத்தால் நடக்கிறது.

மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்துகிற நாளில் ஊர் சுற்றக் கிளம்பிவிடுவோம். புழுக்கத்தில் உட்கார்ந்து மல்லுக்கட்டுவதைவிட பஸ்ஸில் காற்று வாங்கலாம். திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது, 1987ல் திறந்தது. பிள்ளைகள் அங்கே எதையும் தொட்டு, சுற்றி, இழுத்துப் பார்க்கலாம். பக்கத்திலேயே சுலோசன முதலியார் பாலம், 1843ல் திறந்தது. தன் கைப்பணத்தைக் கொடுத்து அந்தப் பாலம் வரக் காரணமாக இருந்த மனிதரின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். அறிவியல் மையம் பிறந்தபோது பாலத்துக்கு 144 வயசு என்று மூத்தவன் கழித்துச் சொன்னான்.

அந்தப் பஸ்ஸில் ஒரு அண்ணாச்சி பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்கு ஸ்கூலு இல்லையா?"

"நாங்க வீட்லதான் படிக்கோம்," என்றாள் மகள்.

"அப்ப டீச்சரு யாரு?"

"அம்மா."

"ஹெட்மாஸ்டரு?"

"ஆச்சி."

பஸ்ஸே சிரித்தது. அவர் விடவில்லை, என்னிடம் திரும்பினார். "அது சரிம்மா, பரீட்சைக்கு என்ன செய்வீய?" அக்கறையாகக் கேட்டார். இதே கேள்வியைத்தான் அத்தையும் ஆரம்பத்தில், போலீஸ் வந்திருமோ என்ற பயத்தோடு கேட்டாங்க. இரண்டு பேருக்கும் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு உதவும்.

2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று அது சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. வீட்டுக்கல்வியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதே சட்டத்தில், பள்ளிக்குப் போகாமல் இருந்த பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. நாளைக்கே மூத்தவன் பள்ளிக்குப் போகிறேன் என்றால் போகலாம். அந்தக் கேள்வியை ஒவ்வொரு வருஷமும் சித்திரையில் அவனிடம் கேட்கிறோம், அவன் பதிலைத் தேதி போட்டு எழுதி வைக்கிறோம். நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு இருக்கிறது, பன்னிரண்டரை வயது நிரம்ப வேண்டும். பத்தாம் வகுப்புக்கு, தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது நிரம்பினால் சேரலாம். பிறப்புச் சான்றிதழ், ஆதார் இரண்டிலும் பெயரின் எழுத்து ஒன்றுபோல் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள். எங்களுக்கு மகள் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தது, திருத்த நாலு மாதம் அலைந்தோம்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அதைப் பற்றிச் சிரிக்க ஒன்றும் இல்லை. ஆற்றில் அவ்வளவு தண்ணீரை நான் பார்த்ததே கிடையாது. மின்சாரம் இல்லாமல், போன் இல்லாமல், எல்லாரும் ஒரே அறையில் இருந்தோம். ஒன்று மட்டும் சொல்கிறேன். அப்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததாகப் பேப்பரில் வந்ததை மூத்தவன் வெட்டி வைத்திருந்தான். இந்த வருஷம் சின்னவனை நிலைக்கதவில் நிறுத்தி உயரம் அளந்தோம். 95. மூத்தவன் அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்து வந்து தம்பி தலைக்கு நேரே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான்.

கடைசியாக இன்னொரு நோட்டு. காவல் போட்ட ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் கேள்வி வரும், அதுவும் பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாமல். பின்னம் நடத்திக்கொண்டிருந்தால், "ஆச்சி சின்னப்பிள்ளையா இருந்தப்ப அவங்க ஆச்சி யாரு?" வாயை அடைக்க எனக்கு மனசு வரவில்லை, பதில் சொன்னால் பாடம் போய்விடுகிறது. அதனால் நாற்பது பக்க நோட்டு ஒன்றை ஆணியில் கட்டித் தொங்கவிட்டேன். மகள் அதற்கு 'நடுவுல வந்தது' என்று பெயர் எழுதினாள். கேள்வியோ ஆளோ எது நடுவில் வந்தாலும் மணி போட்டு ஒரு வரி எழுதிவிட்டுப் பாடத்துக்குத் திரும்ப வேண்டும். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எடுப்போம். யாருக்குப் பதில் தெரியுமோ அவர்கள் சொல்லலாம். "அம்பை 16 நெல்லுன்னா ஒண்ணுலேர்ந்து பதினஞ்சு வரைக்கும் எங்க போச்சு?" என்று ஒரு நாள் இருந்தது. அது அப்பாவுக்கு வந்த கேள்வி. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒன்றன்பின் ஒன்றாக உண்டாக்கிய ரகங்கள் அவை, நாம் தின்கிறது பதினாறாவது என்று அவங்க சொல்ல, ராத்திரிச் சோற்றில் ஒரு பருக்கையை எடுத்து இரண்டு பேரும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்கள்.

கேள்விக்குக் கட்டாயம் அன்றைக்கே பதில் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் பிள்ளை எழுதிவிட்டுத் திரும்பும். நான் இரண்டு நாள் களைப்பில் திண்ணைக்கு வராமல் இருந்தபோது நோட்டில் ஒரு வரியும் விழவில்லை, எல்லாம் பழையபடி வாயால் வந்தது. எவ்வளவு அசதி என்றாலும் அந்தக் கால்மணி நேரத்தை இப்போது விடுவதில்லை.

போன வெள்ளிக்கிழமை மகள் எழுதியிருந்தாள். "10.15. இன்னைக்கு இன்னும் யாரும் வரல. குரங்கும் வரல. ஏன்?"

எழுதினதை அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். அத்தை கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வாசித்துவிட்டு, "அதான, என்னாச்சு எல்லாருக்கும்?" என்று எழுந்து, வாசலுக்குப் பார்க்கப் போனாங்க.